ஒன்பது பென்ஸ்

என் மேசையில் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ காமிக்ஸின் 1963ஆம் ஆண்டு இதழ் ஒன்றின் இரண்டு பிரதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஜாக் கிர்பி வரைந்த அட்டைப்படம் இரண்டிலும் ஒன்றே. தாளும் மையும் ஒன்றே. உள்ளே வரும் விளம்பரங்கள்கூட வரி பிசகாமல் ஒன்றே. அட்டையின் மேல் இடது மூலையில் உள்ள சிறு கட்டத்தைப் பார்த்தால்தான் வேற்றுமை தெரியும். ஒன்றில் 12 சென்ட் என்று விலை அச்சிடப்பட்டிருக்கிறது. மற்றொன்றில் 9 என்ற எண்ணும், அதையடுத்து ‘டி’ என்ற ஆங்கிலச் சிறிய எழுத்தும் இருக்கின்றன. பழைய ரோமானிய நாணயமான டெனாரியஸின் முதலெழுத்து அது. 1971 பிப்ரவரி 15 அன்று பிரிட்டன் பதின்ம நாணய முறைக்கு மாறும்வரை பென்னியைக் (பன்மையில் பென்ஸ்) குறிக்க அந்த எழுத்தைத்தான் எழுதினார்கள். அந்த ஓர் எழுத்துக்காகவே நான் இத்தனை ஆண்டுகளாகப் பழைய புத்தகக் கடைகளிலும் காமிக்ஸ் சந்தைகளிலும் முதுகு வலிக்கக் குனிந்து பெட்டிகளைத் துழாவிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டாலர் தட்டுப்பாட்டில் தவித்த பிரிட்டன், அமெரிக்க காமிக்ஸ் போன்ற அத்தியாவசியமற்ற பொருள்களின் இறக்குமதிக்குக் கதவை அடைத்திருந்தது. 1959ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் கதவு திறந்தபோது, லெஸ்டர் நகரத்து விநியோக நிறுவனமான தோர்ப் அண்ட் போர்ட்டர் அமெரிக்க இதழ்களைக் கப்பலில் வரவழைக்கத் தொடங்கியது. முதலில் வந்தவை சென்ட் விலை போட்ட சாதாரணப் பிரதிகள். அவற்றின் அட்டையில் ரப்பர் முத்திரையால் பென்ஸ் விலையைக் குத்தி விற்றார்கள். பின்னர் 1960 மே மாத இதழ்களிலிருந்து, பிற்பாடு மார்வெல் என்று உலகமே அறிந்த நிறுவனம், பிரிட்டனுக்குப் போகும் பிரதிகளுக்கு மட்டும் அமெரிக்க அச்சகத்திலேயே பென்ஸ் விலையை அச்சிட்டு அனுப்பியது. நான்கு வண்ணத் தகடுகளில் கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும் என்பதால் அது பெரிய வேலையும் இல்லை. அவ்வாறு மாற்றும்போதே பல இதழ்களில் மாதத்தின் பெயரையும் நீக்கிவிட்டார்கள். கடல் கடந்து வாரக்கணக்கில் தாமதமாக வந்து சேரும் இதழைக் கடைக்காரரும் சிறுவர்களும் பழசு என்று ஒதுக்கிவிடக் கூடாதல்லவா!

விலைக் கணக்கும் சுவையானது. அப்போது ஒரு பவுண்டுக்கு 2.80 டாலர், ஒரு பவுண்டுக்கு 240 பழைய பென்ஸ், ஆகவே 9 பென்ஸ் என்பது ஏறத்தாழ பத்தரை சென்ட். அமெரிக்காவில் 10 சென்ட் விலை இருந்தவரை இரண்டும் சமமாகவே இருந்தன. 1962இன் தொடக்கத்தில் மார்வெல் விலையை 12 சென்டாக உயர்த்தியபோதும் பிரிட்டனில் 9 பென்ஸே நீடித்ததால், நியூயார்க் சிறுவனைவிட லிவர்பூல் சிறுவன் சற்றே மலிவாக ஸ்பைடர்மேனைப் படித்தான். அதன் பிறகே 10 பென்ஸ், ஒரு ஷில்லிங் (12 பென்ஸ்) என்று விலை ஏறியது.

இந்தப் பிரதிகளை ‘மறுபதிப்பு’ என்று சொல்பவர்களிடம் நான் பொறுமை இழந்துவிடுகிறேன். பிரிட்டனில் உண்மையான மறுபதிப்புகளும் இருந்தன. ஆலன் கிளாஸ் வெளியிட்ட கறுப்பு வெள்ளை இதழ்கள் அத்தகையவை, பழைய அமெரிக்கக் கதைகளைக் கலந்து கட்டி வெளியிடப்பட்டவை. பென்ஸ் பிரதியோ அமெரிக்க மூலத்தின் அதே அச்சோட்டத்தில், அதே இயந்திரத்தில் பிறந்தது. அப்படியிருந்தும் பழைய காமிக்ஸின் நிலையை மதிப்பிட்டுச் சான்று தரும் நிறுவனங்கள் நெடுங்காலம் இவற்றின் மீது ‘பிரிட்டிஷ் பதிப்பு’ என்ற சீட்டை ஒட்டியதால், ஏதோ வேறு நாட்டில் வேறு சமயத்தில் அடித்த நகல் என்ற எண்ணம் அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் வேரூன்றிவிட்டது. மொத்த அச்சில் சிறு பங்காக மட்டுமே வந்த பிரதி, பெரும் பங்காக வந்த பிரதியைவிடக் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட விந்தைக்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. அந்தத் தவறான எண்ணத்தால் பயனடைந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்கப்போவதில்லை. என் சம்பளத்தில் சென்ட் பிரதியாக ஒருபோதும் வாங்கியிருக்க முடியாத சில இதழ்கள் பென்ஸ் பிரதிகளாக என் அலமாரிக்கு வந்தன. இப்போது சீட்டின் வாசகமும் மாறிவிட்டது, விலையும் ஏறிவிட்டது. நியாயம் கிடைத்தது என்று மகிழ்வதா, இனி வாங்க முடியாது என்று வருந்துவதா என்று தெரியவில்லை.

கிடைப்பதற்கு அரிதான தன்மை எல்லா இதழ்களுக்கும் ஒரே அளவில் இல்லை. 1961 நவம்பரில் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ முதல் இதழும், 1962 ஆகஸ்டில் ஸ்பைடர்மேனை அறிமுகப்படுத்திய ‘அமேசிங் ஃபேன்டஸி’ 15ஆம் இதழும் 9 பென்ஸ் விலையில் இருக்கின்றன. பணம் இருந்தால் அவற்றை ஏலங்களில் காணலாம். நாயகர்கள் வருவதற்கு முந்தைய 1960, 1961ஆம் ஆண்டுகளின் ‘டேல்ஸ் டு அஸ்டானிஷ்’, ‘ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்’ போன்ற அசுரக் கதை இதழ்களையும், ‘கிட் கோல்ட் அவுட்லா’ போன்ற கௌபாய் இதழ்களையும் தேடினால்தான் உண்மையான கடினம் புரியும். ஸ்பைடர்மேனைப் பத்திரப்படுத்திய சிறுவன், கௌபாய் இதழைப் படித்துவிட்டு அடுப்பெரிக்கவோ பழைய தாளுக்கோ கொடுத்துவிட்டான். எவரும் பெரிதாக விரும்பாததாலேயே அரிதாகிப்போன இவற்றுக்குச் சந்தையில் இன்றும் பெரிய விலை இல்லை. நான் அதிக மணி நேரம் செலவிட்டது இவற்றுக்காகத்தான்.

சில இதழ்கள் பென்ஸ் விலையில் வரவே இல்லை. 1972 அக்டோபரில் மார்வெல் தன் பிரிட்டிஷ் வார இதழான ‘தி மைட்டி வேர்ல்ட் ஆஃப் மார்வெல்’ இதழைத் தொடங்கி அதே நாயகர்களின் கதைகளை மறுபதிப்பாக வெளியிட்டபோது, போட்டியாக இருக்கக்கூடும் என்பதால் அந்நாயகர்களின் அமெரிக்க இதழ்கள் பல பிரிட்டனுக்கு அனுப்பப்படவில்லை. மார்வெல் நாயகன் வோல்வரின் முதன்முதலாக முழுமையாகத் தோன்றும் 1974 நவம்பரின் ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ 181ஆம் இதழுக்குப் பென்ஸ் பிரதி கிடையாது. புதிதாக வருபவர்கள் அதைத் தேடி அலைவதைப் பார்க்கும்போது, ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் அலைந்தேன் என்பது நினைவுக்கு வரும்.

அதைவிடப் பெரிய அறியாமைக்கும் விலை கொடுத்திருக்கிறேன். ஒரு வியாபாரியிடம் ‘9 பென்ஸ் பிரதி’ என்ற விவரிப்பை மட்டும் நம்பி, மங்கலான ஒரு புகைப்படத்தைப் பார்த்துத் தபாலில் ஓர் இதழை வாங்கினேன். உறையைப் பிரித்தால், சென்ட் விலை தெளிவாக அச்சிடப்பட்ட அட்டையின் நடுவே வட்டமான ஊதா முத்திரை ஒன்று 9 பென்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தது. வியாபாரி பொய் சொல்லவில்லை, அந்தப் பிரதி 9 பென்ஸுக்கு விற்கப்பட்டதும் உண்மைதான். ஆயினும் முத்திரை குத்திய பிரதி வேறு, விலை அச்சான பிரதி வேறு. 1960களில் டிசி நிறுவனத்தின் சூப்பர்மேன், பேட்மேன் இதழ்கள் எல்லாம் இப்படி முத்திரை வாங்கித்தான் பிரிட்டிஷ் கடைகளுக்கு வந்தன. எனவே இப்போது மூலையின் நெருக்கமான படத்தைக் கேட்டுப் பெறாமல் நான் பணம் அனுப்புவதில்லை.

இன்னொரு கவனமும் தேவை. உள்பக்கங்களில் எந்த வேற்றுமையும் இல்லாததால், உள்ளே கிழிந்துபோன பென்ஸ் பிரதியின் அட்டையை எடுத்து, அட்டை இழந்த சென்ட் பிரதியின் மீது பொருத்திவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். ஸ்டேபிள் துளைகள் அட்டையிலும் உள்தாளிலும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா, அட்டையில் துரு படிந்திருக்கும் இடத்துக்கு நேராக நடுப்பக்கத்திலும் துரு இருக்கிறதா என்று பார்ப்பதே எனக்குத் தெரிந்த வழி. பிரிட்டனின் ஈரக் காற்றில் அறுபது ஆண்டுகள் கிடந்த ஸ்டேபிள் துருப்பிடிக்காமல் பளபளத்தால் எனக்குச் சந்தேகமே வரும்.

1980களின் தொடக்கத்தில் சென்ட் விலையையும் பென்ஸ் விலையையும் ஒரே கட்டத்துக்குள் சேர்த்து அச்சிடும் வழக்கம் வந்ததும் தனிப் பிரதிக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. ஆகவே நான் தேடும் இதழ்களின் பட்டியல் இனி நீளப்போவதில்லை. அதில் இன்னும் கோடு கிழிக்கப்படாத வரிகளில் பெரும்பாலானவை 1960ஆம் ஆண்டுக்குரியவை. ஊதா முத்திரை குத்திய அந்த இதழை மட்டும், பட்டியலில் இடமில்லாவிட்டாலும், விற்க மனமின்றி என் சேகரிப்புப் பெட்டியின் கடைசியில் வைத்திருக்கிறேன்.