நன்றாகத் தின்ற கோழி ஏன் இளைத்தது

கோழி இளைக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இறகு எல்லாவற்றையும் மறைத்துவிடும். எங்கள் மல்லி பார்ப்பதற்குப் பூரிப்பாக, கொண்டை சிவந்து, தீவனத் தட்டுக்கு முதல் ஆளாக ஓடிவந்து மற்றதுகளை இடித்துத் தள்ளும் கோழி. அதைக் கூண்டு மாற்றத் தூக்கினால் காகிதப் பை மாதிரி கனமே இல்லை. நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சதை திரண்டிருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், நடுவில் எலும்பு விளிம்பு விரலில் குத்துகிறது. இதற்கு முந்தின நாள்தான் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "கொழுத்துப் போச்சே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இருப்பது சிங்கப்பூரில் சிலேத்தார் பக்கம் ஒரு தரைவீடு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்க அனுமதி கிடையாது, தரைவீட்டில் விற்பனைக்கு இல்லாமல் 10 வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பறவைக் காய்ச்சலை நினைத்து, வெளிப்பறவை எதுவும் நுழைய முடியாதபடி வலையடித்த கூண்டுக்குள்தான் வளர்க்க வேண்டும். எங்களிடம் இருப்பது எல்லாமே பெட்டை. சேவல் கூடவே கூடாது என்று என் கணவர் முதலிலேயே சொல்லிவிட்டார், 2017இல் சின் மிங் வட்டாரத்தில் சத்தம் தாங்கவில்லை என்று புகார் போய் அங்கே திரிந்த கோழிகளைப் பிடித்துக் கொன்றது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அன்று ராத்திரியே சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டு போனேன். இரவில் கோழி கண் தெரியாமல் பரணில் உட்கார்ந்திருக்கும், அலுங்காமல் தூக்கி, துண்டில் சுற்றி, ஒரு வாளிக்குள் வைத்து நிறுத்துவிடலாம், சிறகடிப்பு ரகளை எதுவும் இருக்காது. ஆனால் அந்த நேரத்தில் அன்றைக்குத் தின்றதெல்லாம் உள்ளே இருக்கும், எனவே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் வெறும் வயிற்றில் நிறுப்பது நல்லது. மல்லி பழுப்பு நிற முட்டைக்கோழி, அந்த ரகம் 2 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். காட்டியது 1.45.

தராசையும் அப்படியே நம்பிவிட முடியாது, இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு செவலை என்று ஒரு வயதான கோழி இருந்தது. அதன் எடை குறையவே இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் கூடியது. நெஞ்சைத் தொட்டால் எலும்பு, வயிற்றைத் தொட்டால் தண்ணீர் நிரப்பிய பலூன். முட்டைப்பை பக்கம் கட்டி வளர்ந்து வயிற்றில் நீர் கோத்திருந்தது. வயதான முட்டைக்கோழிகளுக்கு இது சர்வசாதாரணமாம். ஊசியால் நீரை எடுத்துப் பார்த்தோம், திரும்பக் கோத்தது, கடைசியில் நிரந்தரமாகத் தூங்க வைக்க வேண்டியதாயிற்று. அதனால் எனக்கு இப்போது தராசு ஒரு கை என்றால் நெஞ்செலும்பும் வயிறும் இன்னொரு கை.

மல்லிக்கு வயிறு வீங்கவில்லை. சரி, அப்புறம் என்ன? இணையத்தில் தேடினால் ஆயிரம் காரணம் வரும். காசு செலவில்லாத விஷயங்களை முதலில் பார்த்து முடித்தேன். உண்மையிலேயே தின்கிறதா, அல்லது தட்டில் கொத்திக் கொத்திச் சிந்துகிறதா என்று பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். தின்றது. கழுத்துக்குக் கீழே வலப்பக்கம் தீவனப்பை இருக்கும், சாயங்காலம் அது புடைத்திருக்க வேண்டும், காலையில் ஒன்றுமில்லாமல் வற்றியிருக்க வேண்டும். காலையிலும் கட்டியாகவோ சளசளவென்றோ இருந்தால் அடைப்பு, புளிப்பு என்று வேறு கதை. மல்லிக்கு காலையில் வற்றியிருந்தது. பின்பக்க இறகைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தேன், பேன் இல்லை, இறகுத் தண்டில் ஈறும் அப்பவில்லை. அடைக்கு உட்கார்ந்திருந்தால் தின்னாமல் இளைக்கும், மல்லி அடைக்கு உட்காரவில்லை. இறகு உதிர்க்கும் காலமா என்றால், இந்த ஊரில் அதற்குக் காலமே கிடையாது, ஆண்டு முழுக்கப் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம், குளிர்நாட்டுக் கோழிகள் மாதிரி பகல் குறைகிறதே என்று எல்லாம் சேர்ந்து உதிர்ப்பதில்லை, ஒன்றொன்றும் தனக்குத் தோன்றிய மாதத்தில் உதிர்க்கும். மல்லியிடம் புதுத் தூவல் ஒன்றுகூட முளைத்திருக்கவில்லை. முட்டை மட்டும் இடைவெளி விட்டு வந்தது.

அத்தைக்கு (கணவரின் அம்மா, மன்னார்குடிப் பக்கம், ஊரில் எப்போதும் கோழி இருந்த வீடு) சந்தேகமே இல்லை.

"ஏம்மா, தின்னுட்டே இளைக்குதுன்னா அது புழுதான். இதுக்குப் போயி டாக்டரா? வேப்பிலைய அரைச்சு உருட்டிக் குடு."

"குடுத்துப் பாருங்க அத்தை, ஆனா எச்சத்தையும் ஒரு தடவை பரிசோதிச்சிடுவோம்."

வேப்பிலை உருண்டையை மல்லி விழுங்கியது, முகத்தைச் சுளிக்க முடிந்திருந்தால் சுளித்திருக்கும். எடை ஏறவில்லை.

இங்கே கோழிக்கு மருத்துவர் தேடுவதுதான் நோயைவிடப் பெரிய பாடு. பெரும்பாலான விலங்கு மருந்தகங்கள் நாய், பூனையோடு சரி. ஒரு இடத்தில் போனை எடுத்த பெண், "சமைக்கும் கோழியா, செல்லப்பிராணியா?" என்று கேட்டார், நான் செல்லப்பிராணி என்றதும் சிரிப்பை அடக்கியது இந்தப் பக்கம் கேட்டது. இன்னொரு இடத்தில் பறவை பார்ப்போம் என்றார்கள், போய் நின்றபிறகு கிளி மட்டும்தான் என்றார்கள். ஆகவே போன் பண்ணும்போதே கோழி என்ற சொல்லைச் சொல்லி, கோழியை முன்னால் பார்த்திருக்கிறீர்களா, எச்சப் பரிசோதனையை உங்கள் இடத்திலேயே செய்வீர்களா என்று கேட்டுவிடுங்கள். அலைச்சல் மிச்சம். பல இடம் கேட்டபிறகு கோழியைப் பிடிக்கத் தெரிந்த ஒரு மருத்துவர் கிடைத்தார், மல்லியை அக்குளில் இடுக்கிக்கொண்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது.

புது எச்சம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கோழி இரண்டு விதமாக எச்சமிடும், வழக்கமானது வெள்ளைத் தொப்பி வைத்தது, அவ்வப்போது காப்பி நிறத்தில் களிபோல நாற்றமடிக்கும் இன்னொன்று. அந்த இரண்டாவதைப் பார்த்துக் கழிச்சல் என்று பயப்பட வேண்டாம், அதுவும் இயல்புதான். இரண்டையும் எடுத்துப் போனேன். உருண்டைப்புழு முட்டை இல்லை, ரத்தக்கழிச்சல் கிருமியும் இல்லை என்று வந்தது. எக்ஸ்ரேயும் எடுத்தார்கள், ஆணி, கம்பி, ஈயத் துணுக்கு எதையாவது விழுங்கியிருந்தால் இரைப்பையில் பளிச்சென்று தெரியும், பக்கத்தில் எங்கேயாவது வீடு இடித்துக் கட்டினால் கோழிக்கு இது நடக்கும். எங்கள் தெருவில் எப்போதும் யாராவது இடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மல்லி வயிற்றில் தீனி அரைக்கக் கோழி விழுங்கும் வெறும் கல் மட்டும். காசு செலவழித்துவிட்டு ஒன்றும் தெரியாமல் திரும்பும்போது வரும் எரிச்சல் இருக்கிறதே, அதை அத்தையின் முன்னால் காட்டிக்கொள்ள முடியாது.

நாங்கள் கிளம்பும்போது மருத்துவர் சொன்ன ஒரு விஷயம்தான் கடைசியில் உதவியது. நாடாப்புழு இருந்தால் இந்தச் சோதனையில் தப்பிவிடலாம், ஏனென்றால் அதன் முட்டைகள் எச்சத்தில் பரவலாகக் கலந்து வருவதில்லை, புழுவின் வால்பக்கத் துண்டுகள் முட்டையோடு கழன்று எப்போதாவதுதான் விழும், அவற்றைக் கண்ணால் தேடுங்கள் என்றார். எனவே பரணுக்குக் கீழே பழைய தமிழ் முரசு செய்தித்தாள்களை விரித்து, மல்லியை மட்டும் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தேன். விடிவதற்கு முன்பே போய் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், காய்ந்துவிட்டால் தெரியாது. பல காலை ஒன்றுமில்லை. ஒரு நாள் இன்னும் சூடு ஆறாத எச்சத்தின் மேல் மூன்று நான்கு சோற்றுப் பருக்கை. முந்தின நாள் மீந்த சோறு போட்டிருந்தேன், செரிக்காமல் வந்துவிட்டதோ என்று குனிந்தேன். ஒரு பருக்கை நீண்டது. மெல்ல ஒரு முனை மெலிந்து முன்னால் போய், பின்பக்கம் சுருங்கி, திரும்பவும் தடித்தது. அதைப் பார்த்ததும் அருவருப்பைவிடச் சந்தோஷம்தான் வந்தது, இதை யாரிடம் போய்ச் சொல்ல. துண்டுகளைக் குச்சியால் எடுத்துச் சின்னக் குப்பியில் போட்டு, குப்பியை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஒளித்து ஃபிரிட்ஜின் கடைசித் தட்டில் வைத்தேன். வீட்டில் யாருக்கும் இன்றுவரை தெரியாது.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். ரைலியட்டினா என்ற வகை நாடாப்புழு. இது கோழியிலிருந்து கோழிக்கு நேரடியாகத் தொற்றாது, நடுவில் ஒரு பூச்சி வேண்டும், அது எறும்பு அல்லது வண்டு. எச்சத்தில் விழுந்த துண்டை எறும்பு தின்னும், எறும்புக்குள் அது அடுத்த நிலைக்கு வளரும், அந்த எறும்பைக் கோழி கொத்தும், குடலில் தலையை ஊன்றிக்கொண்டு புழு நீள ஆரம்பிக்கும். கோழி தின்பதில் அதற்கும் பங்கு. முட்டை வழியாக நமக்கு வராது என்றும் சொன்னார், அத்தை முதலில் கேட்டது அதைத்தான்.

எறும்பு என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தீவனத் தட்டைச் சுற்றி எறும்புச் சாரி எந்த நேரமும் இருக்கும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம், டிசம்பர் மழையில் புற்று நனைந்து கூட்டமாகக் கூண்டுத் தரைக்கே குடிவரும். தட்டுக்கு முதல் ஆளாக ஓடிவருவது மல்லி, முதலில் எறும்பைக் கொத்துவதும் மல்லிதான்.

மருந்து பிராசிகுவான்டெல். எடைக்குத் தகுந்தபடி மாத்திரையை நறுக்கி, கொஞ்ச நாள் கழித்து இன்னொரு தடவை. நாய், பூனைக்கு விற்கும் குடல்புழு மாத்திரையை வாங்கி நாமே குத்துமதிப்பாகப் போட வேண்டாம், சிலவற்றில் கூடவே வேறு மருந்துகளும் கலந்திருக்கும். உருண்டைப்புழுவுக்கு வழக்கமாகத் தரும் பிப்பரசின் நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது, அதனால்தான் "மாதாமாதம் புழு மருந்து கொடுக்கிறேனே" என்பவர்கள் வீட்டிலும் கோழி இளைக்கிறது. புழு என்று அத்தை சொன்னது சரி. எந்தப் புழு என்பதில்தான் காசும் நேரமும் போனது, அது போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. மருந்து முட்டையிலும் கலந்திருக்கலாம் என்பதால், மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதி வரைக்கும் முட்டையை உடைத்துக் குப்பையில் போட்டோம்.

மருந்து உள்ளே இருக்கும் புழுவைத்தான் கொல்லும், அடுத்த எறும்பைக் கொத்தினால் கதை திரும்பவும் முதலிலிருந்து. எறும்பு மருந்தைக் கூண்டுப் பக்கம் வைக்க முடியாது, கோழி அதையும் கொத்தும். அத்தைதான் வழி சொன்னார், ஊரில் பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வைப்பார்களே, அதே மாதிரி தீவனத் தட்டின் கால்களுக்கும். அருமையான யோசனை, ஆனால் இது சிங்கப்பூர். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசுப்புழு இருந்தால் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வந்து அபராதம் எழுதிவிட்டுப் போவார். ஆகவே கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதில் பழைய சமையல் எண்ணெய், கோழி வாய் வைக்காதபடி மேலே கவிழ்த்த ஒரு மூடி. தீவனத்தை இருட்டுவதற்கு முன் எடுத்து டப்பாவில் மூடிவிடுகிறேன், மீந்த சோறு போடுவதை நிறுத்தியாயிற்று, எச்சத்தைத் தினமும் அள்ளுகிறேன். எறும்பு முற்றிலும் போய்விட்டதா என்றால் இல்லை, இந்த ஊரில் அது நடக்காது, ஆனால் தட்டில் சாரி இல்லை.

மல்லி இப்போது 1.9 கிலோ. எடை மெல்லத்தான் ஏறியது, முதலில் முட்டை ஒழுங்காக வர ஆரம்பித்தது, அதற்குப் பிறகுதான் நெஞ்சில் சதை பிடித்தது. எல்லாக் கோழிகளையும் ஞாயிறு காலை நிறுத்துக் காலண்டரில் எழுதி வைக்கிறேன். போன ஞாயிறு கருப்பி 80 கிராம் குறைவாகக் காட்டியது. அது முட்டைப் பெட்டியைவிட்டு எழுந்திருக்க மறுக்கிறது, கைவைத்தால் உறுமுகிறது, எனவே அடைதான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் முரசுத் தாளை அதற்குக் கீழேயும் விரித்திருக்கிறேன்.