200 டிகிரியா, 215 டிகிரியா?

மரத்தின் சர்க்கரையை ஈஸ்ட் போட்டு எத்தனாலாக்கும் வேலையில், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் சிப்ஸுக்கு நீராவி வெப்பநிலை 200 டிகிரி என்றுதான் கடைசியில் அறிக்கையில் எழுதினேன். 215இல் குளுக்கோஸ் கூடுதலாக வந்தது எனக்குத் தெரியும். சர்க்கரை அளவுகளைக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனைத் தாள் மேசையில்தான் கிடந்தது.

எங்கள் சுவீடன் குழுவில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த மதுரைத் தம்பி அதை எடுத்துப் பார்த்தான். "இவ்வளவு குளுக்கோஸை ஏன் அக்கா விடுறீங்க?"

"மானோஸ் சர்க்கரை போகுதேப்பா. ஈஸ்டும் திணறுது."

"ஈஸ்டை மாத்திக்கலாம் அக்கா. மரத்தை மாத்த முடியாதே."

நான் பதில் சொல்லவில்லை. மாதிரி எடுக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போனேன்.

அவன் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஊசியிலை மரத்தில் கால் பங்குக்கு மேல், நார்களை ஒட்டிப் பிடிக்கும் லிக்னின், அதுவும் இறுகிப் பின்னிய வகை. கந்தக டை ஆக்சைடு ஏற்றி, உயர் அழுத்த நீராவியில் சில நிமிடம் வைத்து, சட்டென்று திறந்துவிட்டாலும், சூடு போதாவிட்டால் செல்லுலோஸை உடைத்துக் குளுக்கோஸாக்கும் நொதி அதை நெருங்காது. அப்புறம் நொதியை அள்ளிக் கொட்ட வேண்டும். செலவு எகிறும்.

ஆனால் நான் பயந்துபோய் 200 என்று எழுதவில்லை. இந்த மரங்களில் செல்லுலோஸோடு இருக்கும் இன்னொரு சர்க்கரைச் சங்கிலியான ஹெமிசெல்லுலோஸில் பெரும்பங்கு மானோஸ். வைக்கோலிலிருந்து வரும் சைலோஸைச் சாதாரண ரொட்டி ஈஸ்ட் தொடாது; மானோஸை அப்படியே தின்னும். அப்படிப்பட்ட சர்க்கரையை 215இல் கருக்கி, ஈஸ்டைத் திணறடிக்கும் ஹெச்.எம்.எஃப். ஆக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. கலனைத் திறந்தாலே கருகிய பாகு வாசம் மூக்கில் ஏறும். அந்தச் சாற்றில் ஈஸ்ட் போட்ட குடுவையில் மறுநாள் காலைவரை ஒரு குமிழி இல்லை. பக்கத்தில் 200 டிகிரிக் குடுவை இரவிலேயே நுரைத்திருந்தது.

கண்ணால் கண்டதற்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுத்துவிட்டேனோ என்றும் தோன்றும். பழக்கப்படுத்திய ஈஸ்ட் ஹெச்.எம்.எஃப்பையும் அதே வகை நச்சான ஃபர்ஃபுராலையும் தீங்கு குறைந்த ஆல்கஹால்களாக மாற்றிவிட்டு, தாமதமானாலும் வேலையை முடிக்கும். கருகிய மானோஸ் திரும்பாது என்பேன் நான். 200இல் உடையாமல், சக்கையோடு எரிக்க பாய்லருக்குப் போன செல்லுலோஸ் மட்டும் திரும்புமா என்று அவன் கேட்கலாம். 190 அருகே முதலில் மானோஸை எடுத்துவிட்டு, மிச்சத்தை 210க்கு மேல் கொண்டுபோய்க் குளுக்கோஸுக்கு வழி செய்யும் இரண்டு கட்ட முறை உண்டு. விளைச்சலுக்கு அதுதான் நல்லது. இன்னொரு கலனுக்கும் கூடுதல் நீராவிக்கும் பணம் தர யாரும் தயாராக இல்லை.

அறிக்கை ஒரே கூட்டத்தில் ஒப்புதலாகிவிட்டது. அவ்வளவு சுலபமாக முடிந்திருக்க வேண்டாம் என்று இன்னும் தோன்றுகிறது.

தம்பி இப்போது ஈஸ்ட் ஆய்வில் இருக்கிறான். பழைய 215 டிகிரிச் சாறு ஃப்ரீசரில் இருக்கிறதா என்று சமீபத்தில் கேட்டு எழுதினான். இருந்தது, ஒரு கேன் அனுப்பினேன். அது நுரைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். நுரைத்தாலும் 200 என்றே எழுதுவேன் என்று நினைக்கிறேன். நொதி விலை ஏறினால் அந்த உறுதி எனக்கு இருக்காது.