ஆணியில் தொங்கும் பை

போன மாசம் இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "அவ்வளவு காசுள்ள நாட்டுலயும் வீடில்லாத சனம் இருக்கா?"

இருக்கிறார்கள். 2024இல் எடுத்த கணக்கில் நான் இருக்கும் கனடாவின் ரொறன்ரோ நகரில் மட்டும் ஏறக்குறைய 15,400 பேர். நான் அங்கே போனதும் கிடைத்த முதல் வேலையே அப்படிப்பட்டவர்களுக்கான தங்குமிடம் ஒன்றின் சமையலறையில்தான். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் தினமும் சூப்புக்கு வருவார். பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். கோப்பையை வாங்கும்போதும் பையை அக்குளில் இடுக்கிக்கொள்வார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் நினைப்புத்தான். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதிலிருந்து, மழை தொடங்கினால் அம்மாவும் அடையாள அட்டையைப் பையில் போட்டுக் கதவோரம் ஆணியில் மாட்டிவிடுவார்.

இவ்வளவு வரிப்பணம் கொட்டியும் சனம் தெருவில்தானே கிடக்கிறது என்று அங்கே பலர் கோபப்படுகிறார்கள். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, பெரும்பகுதிப் பணம் ஒவ்வொரு இரவையும் கடத்தவே போகிறது. மாசக் கணக்குப் பார்த்தால் தங்குமிடத்தில் ஒரு கட்டிலுக்கு ஆகும் செலவு வாடகை வீட்டை விடக் கூட. 2009 முதல் 2013 வரை கனடாவின் 5 நகரங்களில், மனநோயோடு தெருவில் இருந்தவர்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. குடியை விட வேண்டும் என்பதுபோல் நிபந்தனை போடாமல் முதலில் வீடு, பிறகு வீடு தேடி வரும் உதவி. அப்படி உதவி பெற்றவர்கள் ஆய்வுக் காலத்தில் 73 வீதத்தை நிலையான வீட்டில் கழித்தார்கள். வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களுக்கு அது 32 வீதம்தான். வீடு கிடைத்ததும் எல்லோரும் குடியை விட்டுவிடுவதில்லை, சரி. ஆனாலும் பணம் போக வேண்டிய இடம் நிலையான வீடுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் லயத்திலும் எத்தனை தடவை கூரைத் தகரம் மாற்றியிருப்பார்கள்! பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா (அறை) அப்படியேதான் இருக்கிறது. 7 பேர்ச் காணியோடு தனி வீடு கிடைத்த பக்கத்துத் தோட்டத்துச் சித்தி முற்றத்தில் கறிவேப்பிலை நட்டிருக்கிறார். லயத்தில் இருந்தவரை ஒரு செடி வைத்தவரில்லை.

அந்தச் சூப்புக்காரருக்கும் இரண்டாம் குளிர்காலத்தில் ஓர் அறை கிடைத்ததைச் சொன்னேன்.

"உறுதிப் பத்திரம் குடுத்தாங்களா?" என்றார் அம்மா.

"இல்லம்மா, வாடகைதான். ஆனா ஒருநாள் எங்களப் பார்க்க வந்தப்போ கையில பை இல்ல."

அம்மா திரும்பி ஆணியைப் பார்த்தார்.