திருத்தம் எந்தக் கிளையில் காத்திருக்க வேண்டும்?

திறமூல மென்பொருளில் ஒரு வழுவுக்கான திருத்தம் தயாரானதும் அதை எப்போது நிலையான வெளியீட்டில் சேர்ப்பது என்ற பேச்சு, சிங்கப்பூரில் சர்வர்களைப் பராமரிக்கும் தமிழ் நண்பர்களிடையே அடிக்கடி எழும். வழுவால் இன்றே அவதிப்படுபவருக்கு இன்றே திருத்தம் போய்ச் சேர வேண்டும் என்பார் ஒருவர். சில வாரமாவது பொறுக்கலாம் என்பார் இன்னொருவர். திருத்தம் எத்தனை நாள் காத்திருக்கிறது என்று கேட்பதற்கு முன், அது எந்தக் கிளையில், அதாவது மென்பொருளின் எந்தப் பதிப்பு வரிசையில், காத்திருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிலையான வரிசைகளில் (முன்பே வெளியாகி, திருத்தங்களை மட்டும் பெறும் பழைய பதிப்புகளில்) சேர வேண்டிய எந்தத் திருத்தமும் முதலில், அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அடுத்த பதிப்புக்காகப் பேணும் முதன்மைக் கிளையில் இடம்பெற்றிருக்க வேண்டும். பழைய வரிசையில் தீர்ந்த வழு புதிய வெளியீட்டில் மீண்டும் தலைகாட்டாமல் இருக்க இதைவிட நல்ல விதி இல்லை. ஆனால் அவசரமற்றவை என்று கருதும் திருத்தங்களைப் பராமரிப்பாளர்கள் பலர் புதிய மாற்றங்கள் முதன்மைக் கிளையில் சேரும் அடுத்த இணைப்புக் காலம் வரை கையில் வைத்திருப்பதால், அந்த இரண்டு வாரம் முடிந்து முதல் ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வெளியானதும் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் ஒரே மூச்சில் பழைய வரிசைகளுக்குள் பாய்கின்றன. அங்கே அவற்றைப் பரிசீலிக்கக் கிடைப்பதோ வழக்கமாக 48 மணி நேரம்தான்.

2023 நவம்பர் 12 அன்று, இங்கு நாங்கள் தீபாவளி விடுமுறையில் இருந்தபோது, கெர்னல் 6.7-இன் முதல் ஆர்சி வெளியானது. ஒத்திசைவுடன் நேரடியாக எழுதப்படும் கோப்பின் அளவு வட்டில் முறையாகப் பதிவாவதற்காக, எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் கெர்னல் பகுதி) செய்த திருத்தம் ஒன்று அதில் இருந்தது. அதே மாதத்திலேயே அது பழைய 6.1 வரிசையின் 6.1.64-க்குள் வந்துவிட்டது. முதன்மைக் கிளையில் அதில் ஒரு குறையும் இல்லை. ஏனெனில் அது நம்பியிருந்த ஐயோமேப் (கோப்பு முறைமைகள் பகிர்ந்து பயன்படுத்தும் கெர்னல் நிரல்) மாற்றம் 6.5-இலேயே அங்கு சேர்ந்திருந்தது. 6.1-இல் அந்த மாற்றம் இல்லை. அதனால் அடுத்து எங்கே எழுத வேண்டும் என்பதைக் குறிக்கும் இடம் சரியாக நகராமல், கோப்புகளின் தரவு சிதையும் நிலை உண்டானது. லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியன் தன் 12.3 வெளியீட்டின் நிறுவல் படிமங்களை நிறுத்திவைத்து, டிசம்பர் 10 அன்று சரிசெய்த கெர்னலுடன் 12.4-ஐ வெளியிட்டது. டெபியன் சர்வர்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் எனக்கு அந்த வார இறுதி இன்றும் மறக்கவில்லை.

அந்தத் திருத்தத்தை முதன்மைக் கிளையில் இன்னும் இரண்டு மாதம் வைத்திருந்தாலும் இந்தப் பிழை வெளிப்பட்டிருக்காது. 6.1-இன் மீது அதை இயக்கிப் பார்த்திருந்தால் மட்டுமே தெரிந்திருக்கும்.

இதனால்தான் இன்னொரு கோப்பு முறைமையான எக்ஸ்எஃப்எஸ்-இன் குழுவின் வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். திருத்தங்கள் தானாகப் பொறுக்கி எடுக்கப்படுவதை அவர்கள் ஏற்பதில்லை. ஒவ்வொரு பழைய வரிசைக்கும் பொறுப்பேற்றவர்கள் அந்த வரிசையிலேயே கோப்பு முறைமைச் சோதனைகளை ஓட்டிய பிறகே அனுப்புகிறார்கள். மற்றொரு லினக்ஸ் வழங்கலான உபுண்டுவும் திருத்தங்களை அந்தந்த வெளியீட்டுக்கே உரிய முன்மொழிவுக் களஞ்சியத்தில் பொதுவாக ஏழு நாளாவது வைத்திருக்கிறது. உழைப்பும் கால அவகாசமும் அதிகம் கேட்கும் வழிதான். தரவை இழந்தவரின் உழைப்போடு ஒப்பிட்டால் அது அதிகமில்லை.

பாதுகாப்புத் திருத்தங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியே தெரிந்த பிறகு, இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் திருத்திய பதிப்பான 1.0.1ஜி-க்கு மாறாமல் கழிந்த ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்துதான். சிங்கப்பூர் நாணய ஆணையம் நிதி நிறுவனங்களுக்கு விதித்து, 2020 ஆகஸ்ட் 6 முதல் நடப்பில் இருக்கும் இணையப் பாதுகாப்பு விதியும், ஆபத்தின் அளவுக்கு ஏற்ற காலத்துக்குள் பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்க்கச் சொல்கிறது. அங்கே காத்திருப்பே தீங்காகிவிடுகிறது.

மற்றவற்றுக்கு, நம்மைப் போன்ற பயனர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிலையான வரிசைகளின் ஆர்சி ஒவ்வொன்றும் பொதுவில்தான் வெளியாகிறது. பழைய வரிசையை நம்பி இயங்கும் நிறுவனம், தன் உண்மையான பணிச்சுமையை ஒத்த ஒரே ஒரு சோதனைச் சர்வரில் அதை ஏற்றி, அந்த 48 மணி நேரத்துக்குள் முடிவைப் பராமரிப்பாளருக்கு எழுதினால் போதும். ‘இயங்குகிறது’ என்ற ஒற்றை வரிப் பதிலையும் அவர்கள் நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறார்கள்.