கிழக்குக் காற்றும் ஒரு ஜோடி தும்பாவும்

பாலக்காட்டில் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமைதோறும் வாசிக்க எங்கள் குழுவுக்கு வாய்ப்பு வந்தது. முதல் இரண்டு வாரம் ஆக்டோபேடைத்தான், குச்சியால் தட்டுகிற எலக்ட்ரானிக் டிரம் பலகையைத்தான், கொண்டு போனேன். திருவிழா மேடைக்கு அது போதும். ஹோட்டலில் அப்படியில்லை. கீபோர்டு, பேஸ் கிட்டார், ஒரு பாடகி, நான், அவ்வளவுதான். எட்டடி தூரத்தில் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். என் கை ஓரிடத்தில் அடிக்க, சத்தம் வேறோரிடத்தில் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. எனக்கே அது ஒட்டவில்லை. குழுவை நடத்தும் மாஸ்டரும் "தோல் சத்தம் வேணும்ப்பா" என்றார். சரி, வெறும் கையால் வாசிக்கிற உயரமான தோல் வாத்தியமான தும்பாவை வாங்கிவிடலாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

நம் மெல்லிசைக் குழுக்களில் ஜோடியாக நிற்கும் இரண்டையும் சேர்த்துத் தும்பா என்றே சொல்கிறோம். இந்த வாத்தியம் பிறந்த கியூபாவில் வாய் அளவுக்கு ஏற்ப ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். சின்னது குவிண்டோ, சுமார் 11 அங்குலம். நடுவில் காங்கா, 11¾. பெரியதுதான் தும்பா, 12½. பாட்டுக்குப் பின்னால் வாசிக்கக் கடைசி இரண்டும் போதும். ஒரு சனிக்கிழமைக்கு 1,500 ரூபாய் வாங்குகிறவன் புது ஜோடியை நினைக்க முடியாது. பழையதைத் தேடினேன்.

திருச்சூர் பக்கம் வாசிப்பை நிறுத்திவிட்ட ஒருவரிடம் ஒரு ஜோடி இருப்பதாகத் தெரியவந்தது. சின்ன வயதில் எனக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுத்த வாத்தியார் "தோல் போனா தோல் வரும், கட்டை போனா வாத்தியமே போச்சு" என்பார். அதை நினைத்துக்கொண்டுதான் போனேன். தும்பாவின் அடிப்பக்கம் திறந்திருக்கும். அதன் வழியாக செல்போன் டார்ச்சை உள்ளே விட்டு, அறை விளக்கை அணைக்கச் சொல்லி, வெளியிலிருந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். காங்காவில் ஒன்றும் இல்லை. பெரியதில், கீழிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, இரண்டு பலகை சேரும் இடத்தில் மயிரிழை போல வெளிச்சம் தெரிந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதுவரை அதைப் பார்த்ததில்லை. வருத்தப்பட்டு அவராகவே 3,000 குறைத்தார். 22,000 ரூபாய்க்கு முடிந்தது.

வீட்டுக்கு வந்து டேப் வைத்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. பெரிய தும்பாவின் மேல் வளையம் ஒரு பக்கம் 12½ அங்குலம், குறுக்கே அளந்தால் 12¼. வருடக்கணக்கில் ஒரு பக்கத்து நட்டை மட்டும் இறுக்கி இறுக்கி வளையம் நீள்வட்டமாகிவிட்டிருந்தது. டேப்பைத் திருச்சூருக்கே கொண்டு போயிருக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையில் இருக்கிற எனக்கு ஒரு பெரிய வசதி, பெருவெம்பு பக்கத்திலேயே இருப்பது. மிருதங்கம், செண்டை என்று தோல் வாத்தியங்களைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற ஊர். அங்கே வாத்தியம் செய்கிற ஓர் ஏட்டனிடம் (அண்ணனிடம்) இரண்டையும் கொண்டு போய் இறக்கினேன். அவர் தோலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டையைக் கவிழ்த்து, பூச்சுப் போன அடி விளிம்பை நகத்தால் சுரண்டி, "மோனே, இது நம்மட ரப்பரல்லே?" என்றார்.

அவர் சொன்னது சரி. கம்பெனிக்காரர்கள் சயாம் ஓக் என்று சொல்லும் மரம் ரப்பர் மரமேதான். அமெரிக்கத் தடையால் கியூபாவிலிருந்து வாத்தியங்கள் வருவது நின்றபின், 1964இல் மார்ட்டின் கோஹன் தொடங்கிய எல்.பி. (லத்தீன் பெர்க்கஷன்) கம்பெனியின் வாத்தியங்களும் பிற்பாடு தாய்லாந்தில் ரப்பர் மரத்தில் உருவாகி வந்தன. வழியெல்லாம் பால் வடிக்கிற மரத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதையே மடியருகே வைத்து வாசிக்கப் போகிறேன் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

விரிசலுக்குள் பசையை இறக்கி, கட்டையைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். பசை பிதுங்கி வெளியே வந்தது. வளையத்தைத் தரையில் வைத்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டி வட்டத்துக்குக் கொண்டுவந்தார். அப்புறம் தோல். ஒரு மாட்டுத் தோலை வெயிலுக்கு நேரே பிடித்தார். நடுவே முதுகுத்தண்டின் கோடு மங்கலாகத் தெரிந்தது. அந்தக் கோடு வட்டத்தின் நட்டநடுவில் ஓடும்படி வெட்டினார். கோடு ஒதுங்கினால் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, எப்படி இறுக்கினாலும் சுருதி சேராதாம். பெரியதற்குத் தடித்த தோல், சின்னதற்கு அதைவிட மெல்லியது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் கம்பி வளையத்தில் சுற்றி ஏற்றி, லேசாக மட்டும் இழுத்து நிழலில் விட்டார். நான்கு நாள் அதைத் தொடக்கூடாது என்றார், தொடவில்லை.

தோலை இறுக்குகிற கொக்கி போல்ட்டுகளில் இரண்டின் மரை தேய்ந்துபோயிருந்தது. உள்ளூர் லேத்துப் பட்டறையில் சாதாரணக் கம்பியை வளைத்துச் செய்து வாங்கினேன். பார்க்க அச்சு அசலாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை சவுண்ட் செக்கின்போது சுருதி ஏற்றிக்கொண்டிருக்கையில், ஒன்று மெல்ல நிமிர்ந்து வளையத்தை விட்டுக் கழன்றது. முகத்துக்கு அருகில். தும்பாத் தோலின் இழுவை சாதாரணமானதல்ல, பழைய வாத்தியம் வாங்குகிறவர்கள் கொக்கியில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். அன்று காங்காவை மட்டும் வைத்து வாசித்தேன். பிறகு சரியான கொக்கிகளை வரவழைத்து, எல்லா மரைக்கும் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன்.

இந்த வாத்தியத்துக்கும் ஒரு காலத்தில் கொக்கி கிடையாது. தோலை ஆணி அடித்து இறுக்கி, தீயில் காட்டித்தான் சுருதி ஏற்றினார்கள், நம் ஊரில் பறையைக் காய்ச்சுவது போலவே. ஈரம் இறங்கினால் தோல் தளரும், காய்ந்தால் இறுகும். கொக்கி வந்தாலும் அது மாறவில்லை.

அதை எனக்குப் புரியவைத்தது டிசம்பர் மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கிற காலம். மத்தியானம் வீட்டில் அளவாகச் சேர்த்து வைத்தால் மாலைக்குள் அரைச் சுருதி ஏறி நிற்கும். அதே வாத்தியத்தை ஒரு கல்யாணத்துக்காகக் குதிரான் மலையைத் தாண்டித் திருச்சூருக்குக் கொண்டு போனால், அங்குள்ள ஈரத்தில் இறங்கிவிடும். இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், கேட்கவே வேண்டாம். அதனால் இப்போதெல்லாம் மேடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், உறையைக் கழற்றி அந்த இடத்துக் காற்றில் வைக்கிறேன். அரை மணி கழித்துத்தான் ஸ்பேனரைத் தொடுவேன். கீபோர்டில் சி-யை ஷட்ஜமமாக வைத்துக் காங்காவைச் சேர்ப்பேன், தும்பா கீழே மந்தர பஞ்சமத்துக்கு வரும். ஐந்து கொக்கிகளையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கால் திருப்பு மட்டும். வாசித்து முடித்ததும் ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவேன். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் இதைத் தள்ளிப்போடுவதில்லை. இறுக்கிய தோலை அப்படியே விட்டு வைத்தால் அந்தக் காற்று கிழித்துவிடும்.

ஹோட்டலில் முதலில் டைல்ஸ் தரையில் அப்படியே நிறுத்தியிருந்தேன். கீழ்வாய் அடைபட்டதால் தும்பாவின் கனத்த ஒலி வெளியே வரவே இல்லை. ஸ்டாண்டு வாங்கித் தரையிலிருந்து நான்கு விரல் தூக்கி வைத்தேன். அன்று முதல் பாட்டின் பல்லவி முடிந்ததும் வெறும் உள்ளங்கையால் நடுவில் ஒரு அடி போட்டேன். பேஸ் கிட்டார்க்காரர் தன் ஒலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். மைக் வைத்திருந்தோம். அதை அணைத்துவிடச் சொன்னார் மாஸ்டர்.

இப்போது ஒரு குவிண்டோ தேடுகிறேன். பொள்ளாச்சியில் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். டேப்பை எடுத்து வண்டியின் பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது.