பேய்ச்சுரையில் தொடங்கியது

ஜூன் 9

கொல்லையில் தானாக முளைத்த சுரைக்கொடியில் முதல் காய். கூட்டு வைத்தேன், நாக்கில் வைக்க முடியாத கசப்பு. அத்தை ஒரு வாய் தொட்டதும் "பேய்ச்சுரைடி இது, குழந்தைக்குக் கொடுத்துடாதே" என்று சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். "பாட்டி, அதுக்குள்ள பேய் இருக்கா?" என்றாள் மகள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஜூன் 10

காலையிலிருந்து அதே நினைப்பு. பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்மழை, பேய்க்காற்று, அப்புறம் கானல்நீருக்குப் பழைய பெயரான பேய்த்தேர். இதில் எதிலும் செத்தவர் ஆவி கிடையாது. சுரையில் காட்டுத்தனம், மழையில் அளவு மீறல், கானலில் வெறும் தோற்றம். நாம் சினிமாவில் பார்த்துப் பழகிய வெள்ளைப் புடவை இந்தச் சொல்லுக்கு மிகவும் சின்னது.

ஜூன் 13

தொல்காப்பியம் உரியியலில் கிடைத்துவிட்டது! "பேநாம் உருமென வரூஉங் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள". பே என்றாலே அச்சம், ஒற்றை எழுத்தில். பேய் அதிலிருந்து கிளைத்த சொல் என்றுதான் எனக்குப் படுகிறது. பயம் முதலில், பல்லும் நகமும் பிறகு.

ஜூன் 14

அலுவலகத்தில் பாலக்காட்டுத் தோழியிடம் சொன்னேன். வெறிநாய்க்கு மலையாளத்தில் பேப்பட்டி, அந்த நோய்க்கே பே என்றுதான் பெயர் என்றாள். அதே ஒற்றை எழுத்து, மலை தாண்டி, இன்னும் உயிரோடு. சிலிர்த்துவிட்டது.

ஜூன் 17

திருமுருகாற்றுப்படையில் பேய்மகள் துணங்கை ஆடுகிறாள், கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் சமைத்துக் குடிக்கின்றன. இவை யாருடைய செத்துப்போன பாட்டியும் இல்லை, தனி இனம். ஆனால் என்னை உட்கார வைத்துவிட்டவர் காரைக்கால் அம்மையார்தான். கணவன் இவரைத் தெய்வம் என்று சொல்லி இவர் காலில் விழுந்து விலகியபின், அவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று இறைவனிடம் அவர் கேட்டு வாங்கியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" என்று தொடங்கித் திருவாலங்காட்டுச் சுடுகாட்டுப் பெண்பேயைப் பாடுகிறார், பாட்டை முடிக்கும்போது தன்னையே "செடிதலைக் காரைக்காற்பேய்" என்கிறார். புதர் மண்டிய தலை! யாரும் நட்டு வளர்க்காத, யார் வாய்க்கும் அடங்காத அந்தச் சுரைக்கொடிதான் உடனே நினைவுக்கு வந்தது. பேய் என்பதை ஒரு பெண் தனக்குப் பெயராகச் சூடிக்கொண்டதை எனக்குப் பள்ளியில் யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை.

ஜூன் 18

மகளிடம் சொன்னேன். "காய்க்குள்ள பேய் இல்ல, காய்தான் பேய்" என்று அவளே முடித்துக்கொண்டாள். சரிதான். ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் ரயிலில் மூவரும் திருவாலங்காடு போகிறோம்.