ஆயிரத்து இருபத்து நாலு பக்கம்

சர்வர் எழுந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, டேட்டாபேஸ் விழுந்தது. திரும்ப ஏற்றினோம், திரும்ப விழுந்தது. லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் லாகில் வரிசையாக 'அவுட் ஆஃப் மெமரி'. 256 ஜிபி ராம் உள்ள மெஷின் அது.

எக்ஸ்86 ப்ராசஸர் சர்வர்களில் வருஷக்கணக்காக ஓடிய அமைப்பை, வேறு ப்ராசஸர் வகையான ஆர்ம் சர்வருக்கு மாற்றிய வாரம். ஃப்ரீ கட்டளை 245 ஜிபிக்கு மேல் செலவாகிவிட்டது என்றது. ப்ராசஸ்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் பார்த்தால் எந்த ப்ராசஸின் கணக்கிலும் அது இல்லை. "அப்போ யாருதாங்க இவ்வளவையும் தின்னுது?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். மெமரி லீக்தான் என்று ஒரு மணி நேரம் வீணடித்தேன்.

அப்புறம் கர்னல் தன் மெமரிக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பைத் திறந்தேன். மெமரியைக் கர்னல் பக்கம் பக்கமாகத்தான் பிரித்துக் கொடுக்கும், அதில் பெரிய சைஸ் பக்கம்தான் ஹியூஜ் பேஜ். ஹியூஜ் பேஜ் அளவு 2048 கேபி என்று பார்த்துப் பழகிய இடத்தில் 524288 கேபி. அதாவது 512 எம்பி. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன், ஆறு இலக்கம்தான்.

2 எம்பி என்பது மேலிருந்து விதித்த எண் அல்ல. எந்தப் பக்கம் ராமில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பேஜ் டேபிள் பல மட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு டேபிள் ஒரு பக்கத்துக்குள் அடங்கும், ஒரு பதிவுக்கு 8 பைட். அடிமட்ட டேபிள் ஒன்று காட்டும் மொத்த இடத்தையும் ஒரே பக்கமாக எடுத்தால் ஹியூஜ் பேஜ். பக்கம் 4 கேபி என்றால் 512 பதிவுகள். 512 பெருக்கல் 4 கேபி, 2 எம்பி. ஆர்மில் 4, 16, 64 கேபி என்று மூன்று அடிப்படை அளவுகள் உண்டு, கர்னலைக் கட்டும்போதே ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு வந்தது 64 கேபி கர்னல். 8192 பதிவுகள், ஒவ்வொன்றும் 64 கேபி. பெருக்கினால் 512 எம்பி.

எங்கள் அமைப்புக் கோப்பு பூட் ஆகும்போதே 1024 ஹியூஜ் பேஜ்களை ஒதுக்கச் சொல்லும். பழைய மெஷினில் அது 2 ஜிபி. இங்கே 512 ஜிபி! இல்லாததைக் கேட்டால் கர்னல் பிழை சொல்வதில்லை. கிடைத்தவரை அள்ளிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறது. முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சம். அப்போதுதான் எழுந்த மெஷின் என்பதால் மெமரி துண்டுபடாமல் கிடந்தது, 490 பக்கம் சிக்கிவிட்டது. நாலு நாள் ஓடிய மெஷினாக இருந்தால் இவ்வளவு பெரிய தொடர்ச்சியான இடங்கள் சொற்பமே கிடைத்திருக்கும், நாங்களும் கவனித்திருக்க மாட்டோம்.

சரி, தீர்வு பக்கத்திலேயே இருந்தது. பேஜ் டேபிளில் தேடியதை நினைவில் வைத்துக்கொள்ளும் ப்ராசஸரின் சிறு கேஷ் டிஎல்பி. அடுத்தடுத்த 32 பக்கங்களை ஒன்றாகப் பாவிக்கச் சொல்லி அதற்குக் குறிப்புக் கொடுக்க ஆர்மில் ஒரு பிட் இருக்கிறது. 32 பெருக்கல் 64 கேபி, அதே 2 எம்பி. கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த அளவுக்குத் தனி டைரக்டரியே இருந்தது. டீஃபால்ட் மட்டும் 512 எம்பி. எங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அதில் 14-ம் பதிப்பு முதல் ஹியூஜ் பேஜ் அளவைக் குறிப்பிட்டே கேட்கலாம் என்பதால் இரண்டு வரி மாற்றத்தில் வேலை முடிந்தது.

கோப்பைச் சேமிக்கும் முன் அந்தப் பழைய வரியைப் பார்த்தேன். 1024-க்குப் பக்கத்தில் '2 ஜிபி, மாற்ற வேண்டாம்' என்று ஒரு குறிப்பு. எழுதியது நான்தான்.